ஏழாம் தேதி சம்பளம், மூன்று மாதம் கழித்து பில்: மதுரையில் மேன்பவர் ஏஜென்சி நடத்திய கதை

மதுரையில் மேன்பவர் ஏஜென்சி ஆரம்பிக்கலாமா என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். கம்பெனியில் ஹெச்.ஆர். ஆக இருந்து வெளியே வந்தவர்கள், கல்லூரியில் பிளேஸ்மென்ட் பார்த்தவர்கள், செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தவர்கள். எல்லோர் கணக்கும் ஒன்றுதான். முதலீடு வேண்டாம், ஒரு சின்ன அறை, இரண்டு போன், ஒரு வாட்ஸ்அப் குரூப், ஆள் கேட்கிற இடத்துக்கு ஆளை அனுப்பினால் கமிஷன். நானும் காளவாசல் பக்கம் மாடியில் ஒரு அறை பிடித்து அப்படித்தான் தொடங்கினேன். தொழிலுக்கு எதிர்காலம் இருக்கிறதா என்றால் தாராளமாக இருக்கிறது, ஆள் தேவை குறையவே இல்லை. ஆனால் கான்ட்ராக்டில் ஆள் விடுகிற ஏஜென்சி பாதிக்கு மேல் வட்டிக்கடை, அதுவும் வட்டி வாங்காத வட்டிக்கடை. இதை எனக்கு முன்னால் இந்தத் தொழிலில் இருந்த யாரும் சொல்லவில்லை. போட்டிக்கு ஒருவன் வருகிறானே, இவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்கள் போல.

இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு ஒரே தடவை கமிஷன் வாங்குவது. கடை வேலை, பில்லிங், டெலிகாலர் என்றால் அரை மாதச் சம்பளம். ஆபீஸ் வேலை என்றால் ஒரு மாதச் சம்பளம், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம். இன்னொன்று, ஆட்கள் நம் பெயரிலேயே இருப்பார்கள். நாமே சம்பளம் போட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டி, கம்பெனிக்கு மாதாமாதம் பில் போட வேண்டும். முதல் வழியில் மாதா மாதம் பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டும். இரண்டாவதில் மாதம் பிறந்தால் வருமானம் என்று தோன்றும். அந்த ஆசையில்தான் கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு (பெயர் வேண்டாம்) நாற்பது ஆட்கள் விட ஒப்புக்கொண்டேன். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு வேலை தொடங்கியது. திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள். பாதிக்கு மேல் பெண்கள். வேன் வைத்து ஏற்றி இறக்கினேன்.

கணக்கை அப்படியே சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். ஓர் ஆளுக்குச் சம்பளம் 14,000. முதலாளி பங்காக பி.எஃப். 13 சதவீதம், 1,820. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 455. ஆக 16,275. அதன் மேல் நம் சர்வீஸ் சார்ஜ் சம்பளத்தில் 6 சதவீதம், 840. ஓர் ஆளுக்கு பில் 17,115, நாற்பது பேருக்கு 6,84,600. இதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 1,23,228. கம்பெனிக்குப் போகும் பில் 8,07,828. தொகையைப் பார்த்தால் எட்டு லட்சத்துக்குத் தொழில் செய்கிறோம் என்று நெஞ்சு நிமிரும். அதில் நமக்கென்று இருப்பது 33,600 மட்டும். சூப்பர்வைசர் சம்பளமும் மற்ற செலவுகளும் அதிலிருந்துதான். தனிநபர் பெயரில் நடத்துகிற ஏஜென்சி என்றால் கம்பெனி 1 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிக்கும். 1 சதவீதம்தானே என்று நினைக்கக்கூடாது, ஜி.எஸ்.டி. சேராத பில் தொகையில் 1 சதவீதம் என்பது 6,846. நம் பங்கில் ஐந்தில் ஒன்று. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த பிறகுதான் அது திரும்பும்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். சம்பளம் 7ஆம் தேதிக்குள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15ஆம் தேதிக்குள். ஜி.எஸ்.டி. 20ஆம் தேதிக்குள். கம்பெனி பணம் தந்ததா இல்லையா என்று இந்த மூன்று தேதிகளும் கேட்காது. பில் போட்டுவிட்டால் கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்டியாக வேண்டும். ஆக மாதா மாதம் என் கையில் இருந்து போவது 7,74,228. இதை வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் பதினைந்தாயிரத்துச் சொச்சம் வட்டி. கம்பெனி 60 நாளில் தந்தால் நம் 33,600இல் ஏறக்குறைய முழுதும் வட்டிக்குப் போய்விடும். 90 நாளில் தந்தால் கையில் இருந்து பதிமூவாயிரம் போட்டு ஆள் சப்ளை செய்த மாதிரி. கம்பெனி நல்ல கம்பெனியா, பில் பெரிய பில்லா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதல் இரண்டு பில்லும் சொன்னபடி வந்தன. ஆடியில் மூன்றாவது பில் நின்றது. அக்கவுன்ட்ஸில் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். பில்லில் பி.ஓ. (கம்பெனி தரும் பர்சேஸ் ஆர்டர்) நம்பர் இல்லை. மேடம் லீவில் இருக்கிறார். நம் மஸ்டர் ரோலுக்கும் (வருகைப் பதிவேடு) கேட் என்ட்ரிக்கும் இரண்டு ஆள் வித்தியாசம் வருகிறது. அந்த இரண்டு ஆளின் ஒரு நாள் கூலி ஆயிரத்துச் சொச்சம். அதற்காக எட்டு லட்ச ரூபாய் பில் மேசையில் கிடந்தது. சரி செய்து கொடுத்தால் அடுத்து, "போன மாச பி.எஃப். சலான் வைக்கலையே, வச்சாத்தான் பாஸ் ஆகும்" என்பார்கள். அவர்கள் பணம் தந்தால்தான் நான் சலான் கட்ட முடியும், நான் சலான் கட்டினால்தான் அவர்கள் பணம் தருவார்கள். ஜி.எஸ்.டி. விஷயத்திலும் இதே கதைதான். நாம் ரிட்டர்ன் போடாவிட்டால் அவர்களுடைய 2பி-யில் (வாங்கிய பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி. பட்டியல்) நம் பில் ஏறாது, ஏறாத பில்லுக்குப் பணம் கிடையாது.

ஆறாம் தேதி ராத்திரி ஆனால் எனக்குப் போனைப் பார்க்கவே பயம். பேரையூர்ப் பெண் ஒருவர், சண்டைக்காரர் கிடையாது, மெதுவாகத்தான் பேசுவார். "அண்ணே, நாளைக்குக் குழு லோன் கட்டணும். பத்து மணிக்குள்ள ஏறிருமா? இல்லைன்னா அங்க எல்லாரையும் உட்கார வச்சிருவாங்க" என்றார். ஏறிவிடும் என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் வீட்டில் இருந்த நகையை எடுத்துக்கொண்டு வங்கி வாசலில் போய் நின்றேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த மாதம் அடகு வைக்க நகையும் இல்லை. தெரிந்தவரிடம் இரண்டு வட்டி. தீபாவளி நெருங்கும்போது மூன்று பில், 24 லட்சத்துக்கு மேல் நிலுவை. யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் ஆட்கள் நின்றுவிடுவார்கள், இன்னொரு கம்பெனியில் பேச்சு அடிபடும்.

பி.எஃப். தாமதம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி. அதோடு 2024 ஜூன் முதல் மாதத்துக்கு 1 சதவீதம் என்ற கணக்கில் அபராதம். இது போகட்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பங்கை உரிய தேதிக்குள் கட்டாவிட்டால், அப்புறம் கட்டினாலும் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நாற்பது பேருக்குத் தொழிலாளி பங்கு மாதம் 67,200. அப்போதைய விதிப்படி ஒரு மாதம் ஒரு நாள் தவறினால், 33,600 சம்பாதித்த மனிதனுக்கு அதைப்போல இரண்டு மடங்கு கூடுதல் வருமானம் இருப்பதாக எடுத்துக்கொண்டு வரி போடுவார்கள். என் ஆடிட்டர் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதனால் பணம் குறைவாக இருக்கிற மாதத்தில் முதலில் சம்பளம், அடுத்து பி.எஃப்., அப்புறம்தான் மற்றது. ஜி.எஸ்.டி. தாமதத்துக்கு 18 சதவீத வட்டி உண்டு, வலிக்கும், ஆனால் பி.எஃப். அளவுக்குச் சுற்றி வந்து அடிக்காது.

தீபாவளிக்குப் போனஸ் பிரச்சினை வந்தது. கம்பெனி தன் ஆட்களுக்குப் போட்டது, என் ஆட்களும் கேட்டார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 21,000 வரை சம்பளம் வாங்குகிற, வருடத்தில் 30 நாள் வேலை செய்த எவருக்கும் குறைந்தது 8.33 சதவீதம் உண்டு. கான்ட்ராக்ட் ஆளுக்கு அது ஏஜென்சியின் பொறுப்பு. சட்டப்படி கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தால் போதும். ஆனால் இந்த ஊரில் தீபாவளிக்குக் கொடுக்காமல் மறுநாள் வேனில் யார் ஏறுவார்கள்? நாம் குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே சம்பளம் கொடுப்பதால் கிட்டத்தட்ட முழுச் சம்பளத்துக்கும் போனஸ் கணக்கு வரும். ஓர் ஆளுக்கு மாதம் 1,166. நம் சர்வீஸ் சார்ஜ் 840. கொட்டேஷனில் போனஸ் என்று தனி வரி இல்லை, கம்பெனி பர்சேஸ் ஆபீசர் கொடுத்த படிவத்திலேயே அந்த வரி கிடையாது. "அதெல்லாம் உங்க சர்வீஸ் சார்ஜ்லயே வந்துருதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். யார் கொட்டேஷன் கேட்டாலும் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், விடுப்புச் சம்பளம், சீருடை, வேன் என்று ஒவ்வொன்றையும் தனி வரியாகப் போடுங்கள். குறைக்கச் சொன்னால் எந்த வரியைக் குறைக்கிறார்கள் என்று அவர்களே சொல்லட்டும்.

தீபாவளி முடிந்த கையோடு ஒப்பந்தம் போய்விட்டது. இன்னொரு ஏஜென்சி 4 சதவீதத்துக்கு வருகிறது என்றார்கள். 6க்கே இந்தக் கதி, 4இல் அவர் எப்படி நடத்துவார் என்று யோசித்தேன். பி.எஃப்.-ஐ ஒழுங்காகக் கட்டினால் நடத்த முடியாது, அவ்வளவுதான் சொல்வேன். என் ஆட்கள் அதே வேனில் அதே ஷிப்டுக்குத்தான் போனார்கள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் மட்டும் வேறு பெயர். அதனால் இப்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கிறேன்: நம் ஆளை நேரடியாகவோ வேறு ஏஜென்சி மூலமாகவோ எடுத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொள்ளாதவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்றாவது தெரிந்துவிடுகிறது.

நிலுவையை வாங்க எனக்கு உதவியது இரண்டு விஷயம். ஒன்று, கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் பிரதான முதலாளி, அதாவது ஆளை வேலை வாங்கும் கம்பெனி, தர வேண்டும் என்று அப்போது நடப்பில் இருந்த 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. பில் வராததால் அடுத்த மாதச் சம்பளம் போட முடியாத நிலை, சட்டப்படி அந்தப் பொறுப்பு உங்களுக்கு வரும் என்று தன்மையாக ஒரு மெயில் போட்டேன், ஹெச்.ஆர். தலைவருக்கும் நகல் வைத்து. அந்த வாரமே ஒரு பில் வந்தது. போனில் கெஞ்சியபோது வராதது.

இன்னொன்று உத்யம் பதிவு, அதாவது சிறு, குறு நிறுவனம் என்று மத்திய அரசிடம் செய்யும் பதிவு. இலவசம்தான், ஆதார், பான் இருந்தால் ஆன்லைனில் முடிந்துவிடும். ஆனால் ஒப்பந்தம் போடும் முன்பே எடுத்து, பில்லில் அந்த எண்ணை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். சிறு, குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். பி.ஓ.வில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்ட முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. சிறு, குறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் ஆன்லைன் தளத்தில் புகார் போட்டால், இப்படிப்பட்ட பாக்கிகளை விசாரிக்கும் வசதியாக்கல் கவுன்சிலுக்குப் போகும். நமக்கு மதுரையிலேயே மண்டல கவுன்சில் இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். இது தவிர வருமான வரியில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கெடு தாண்டிய பாக்கியை, கொடுக்கிற வருடத்தில்தான் கம்பெனி செலவாகக் காட்ட முடியும். எனவே மார்ச் மாதம் கம்பெனியின் ஆடிட்டரே நம் பக்கம் பேசுவார். ஜனவரியில் ஒரு நினைவூட்டல், மார்ச் தொடக்கத்தில் ஒன்று என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். புகார் போட்ட பிறகு கம்பெனியில் இருந்து சமாதானத்துக்குக் கூப்பிட்டார்கள். வட்டியை விட்டுக்கொடுத்து, அவர்கள் போட்ட டெபிட் நோட்டையும் (பில்லில் பிடித்தம் என்று எழுதித் தரும் சீட்டு) கழித்துக்கொண்டு, மீதியை வாங்கினேன். எனக்குக் கடன் அடைக்க வேண்டும், கவுன்சில் தீர்ப்பு வரை காத்திருக்கத் தெம்பு இல்லை. வசதி இருப்பவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். கவுன்சில் உத்தரவை எதிர்த்துப் போக வேண்டுமானால் கம்பெனி 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

மொத்தக் கணக்கு: கட்டிய வட்டி 1.9 லட்சம், டெபிட் நோட்டில் போனது 85,000, கையில் இருந்து கொடுத்த போனஸ் 2.8 லட்சம். ஆறு மாதத்தில் வந்த சர்வீஸ் சார்ஜ் 2 லட்சத்துச் சொச்சம்.

அப்படியானால் முதல் வழி, அந்தக் கமிஷன் தொழில், நல்லதா? பணம் முடங்காது, அது உண்மை. ஆனால் அது சுருங்கிக்கொண்டே வருகிறது. நௌக்ரி, இன்டீட், அப்னா, வொர்க்இந்தியா என்று ஆப்களில் கடைக்காரர்களே விளம்பரம் போட்டு ஆள் எடுக்கிறார்கள். அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளம் இலவசம்; கோ.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் முகாமும் இலவசம். பிறகு எதற்கு நமக்கு அரை மாதச் சம்பளம் தர வேண்டும்? தருகிறார்கள், ஏனென்றால் ஆப்பில் வருகிற நூற்றுக்கணக்கான விண்ணப்பத்தில் போனை எடுப்பவர் கொஞ்சம், நேரில் வருபவர் அதிலும் கொஞ்சம். ஜவுளிக்கடைக்குப் பெண் பிள்ளைகளை எடுக்கும்போது அம்மாக்கள்தான் முடிவு செய்கிறார்கள். "தங்குற இடத்துல வார்டன் இருக்காங்களா தம்பி? ராத்திரி கடையில இருந்து வேன்ல வருவாங்களா, நடந்து வருவாங்களா?" இதற்குப் பதில் சொல்ல முதலில் நான் அந்த விடுதியைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். எந்த ஆப்பும் பார்க்காது. இந்த வேலையைச் செய்பவருக்குக் கமிஷன் தொழில் இன்னும் இருக்கிறது. வெறும் பயோடேட்டாவை அனுப்புபவருக்கு முடிந்துவிட்டது.

இதிலும் பொறி உண்டு. சேர்ந்து 90 நாளுக்குள் ஆள் நின்றால் வேறு ஆள் இலவசமாகத் தர வேண்டும் என்று எழுதிக்கொள்வார்கள். ஆடியில் யாரும் புது வேலையில் சேர மாட்டார்கள், "ஆடி போகட்டும் சார்" என்பார்கள். தீபாவளிக்கு முன் சேர்த்த ஆட்களில் பலர் போனஸ் வாங்கிய கையோடு ஊருக்குப் போய்விடுவார்கள். எனவே அந்த சீசனில் சேர்க்கும் ஆட்களுக்கு 30 நாள் உத்தரவாதம் மட்டும் என்று தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். வேலை தேடி வருபவரிடம் மட்டும் காசு வாங்காதீர்கள். ரிஜிஸ்ட்ரேஷன் என்று 500 வாங்கினாலும், அந்த 500க்காக வாசலில் வந்து நிற்பவர் வேலை கிடைக்காத கோபத்தோடுதான் வருவார், ஊருக்குள் பெயரும் கெடும்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுங்கள், தலைக்கு இவ்வளவு என்று ஆசை காட்டுபவர்கள் கண்டிப்பாக வருவார்கள். ராமநாதபுரம், சிவகங்கை, மேலூர்ப் பக்கம் வளைகுடாவுக்குப் போகத் தயாராக இருப்பவர்கள் அதிகம் என்பதால் மதுரைக்காரர்களைத் தேடி வருவார்கள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசின் பதிவு இல்லாமல் ஆள் எடுக்க முடியாது. அந்தப் பதிவுக்கு வங்கி உத்தரவாதமே 50 லட்சம், சிறிய அளவில் என்றால் 8 லட்சம். சப்-ஏஜென்ட் என்று ஒருவரைச் சட்டம் ஏற்பதே இல்லை. பதிவு பெற்ற ஏஜென்டும் ஒருவரிடம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். கேட்டு வருபவர்களை நான் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்குப் போகச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சில வருடம் எப்படி இருக்கும்? மாட்டுத்தாவணியில் டைடல் பார்க் வருகிறது, வடபழஞ்சி, இலந்தைகுளத்தில் ஐ.டி. பூங்காக்கள் இருக்கின்றன. ஐ.டி. கம்பெனி நம்மிடம் இன்ஜினியர் கேட்காது. ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், டிரைவர், செக்யூரிட்டி கேட்கும், அதையும் பெரும்பாலும் ஊர் ஊராக ஒப்பந்தம் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் எடுத்து நமக்கு உள் ஒப்பந்தமாகத் தரும். அங்கே பணம் இன்னும் ஒரு கை மாறி வரும் என்பதைக் கணக்கில் வையுங்கள். செக்யூரிட்டியில் ஒரு சௌகரியம் உண்டு: நாம் தனிநபர் பெயரில் நடத்தி, வாங்குபவர் ஜி.எஸ்.டி. பதிவுள்ள நிறுவனமாக இருந்தால், 2019 முதல் அந்த வரியை அவரே கட்ட வேண்டும். 18 சதவீதம் நம் கையில் இருந்து முடங்காது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய சட்டத்தில் 20 ஆட்கள் வைத்தால் கான்ட்ராக்ட் லைசென்ஸ் வேண்டும், புதியதில் 50. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் சின்ன ஏஜென்சிகள் இன்னும் பெருகும், 4 சதவீதம் 3 ஆகும். மொத்தச் சம்பளத்தில் படிகள் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகக் கணக்கில் வரும் என்பதால் போனஸ், கிராஜுவிட்டி (பணிக்கொடை) போன்றவை கூடும். பழைய கொட்டேஷனை அப்படியே புதுப்பித்துக் கொடுத்துவிடாதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்கென்று நேரடியாக வேலைக்கு எடுக்கவும் கம்பெனிகளுக்கு வழி திறந்திருக்கிறது, அவர்களுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி. அப்படி எடுக்கும் கம்பெனிக்கு சம்பளப் பட்டியல், பி.எஃப்., வருகைப் பதிவு வேலையை மட்டும் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிச் செய்து கொடுப்பது நல்ல வாய்ப்பு என்று நினைக்கிறேன். நம் பணம் அதில் போக வேண்டியதில்லை.

நான் இப்போது சொந்தப் பணத்தில் இரண்டு மாதம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஆள் விடுவதில்லை. சம்பளத் தொகை 5ஆம் தேதிக்குள், சர்வீஸ் சார்ஜும் வரியும் 30 நாளில் என்று பில்லை இரண்டாகப் பிரிக்கக் கேட்கிறேன். வாரா வாரம் சனிக்கிழமை மஸ்டர் ரோலில் கேட் செக்யூரிட்டியிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். போன வாரம் பைபாஸ் ரோட்டில் ஒரு மருத்துவமனை ஹவுஸ்கீப்பிங்குக்கு அறுபது ஆள் கேட்டு, 75 நாள் கிரெடிட் என்றார்கள். இருபத்தைந்து ஆள், 5ஆம் தேதி சம்பளத் தொகை, போனஸ் தனி வரி என்று பதில் அனுப்பியிருக்கிறேன். பேசி முடிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். 75 நாளில் பிடிவாதமாக நின்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன்.